பறவைகளுக்காகக் குரல் கொடுத்த றேச்சல் கார்சன்

வெண்டலைக் கழுகு 1782 ஆம் ஆண்டு முதல் ஐக்கிய அமெரிக்காவின் அரச இலச்சினையில் இடம்பெற்று வருகின்றது. ஏரிகள், ஆறுகள், கடற்கரைகள் ஆகியவற்றை அண்டி வாழும் இப்பறவையின் முதன்மையான உணவு மீனாகும். நாட்டின் சின்னமாகப் போற்றப்பட்ட இக்கழுகு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டிலேயே அழிவின் விளிம்புக்குச் சென்றது. அதற்கான காரணத்தை உலகறியத் துணிந்து எடுத்துரைத்தவர் றேச்சல் கார்சன் அம்மையார் ஆவார்.

றேச்சல் கார்சன் 1907 ஆம் ஆண்டு மே மாதம் 27 ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். வயல்களுக்கும் காடுகளுக்கும் அவரை அழைத்துச் சென்று, பறவைகளையும் பூச்சிகளையும் இனங்காணப் பழக்கியவர் அவரது தாயார். எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசையுடன் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தைத் தெரிவு செய்த அவர், பின்னர் உயிரியலின்பால் ஈர்க்கப்பட்டு அத்துறைக்கு மாறினார். 1932 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1935 இல் தந்தையார் காலமாகவே குடும்பப் பொறுப்பு அவரைச் சார்ந்தது. மேற்படிப்பைத் தொடர இயலாத நிலையில், 1936 இல் அரசாங்க மீன்பிடித் திணைக்களத்தில் உயிரியலாளராகப் பணியில் இணைந்தார். 1951 இல் வெளிவந்த ‘நம்மைச் சூழ்ந்த கடல்’ என்னும் நூல் அவருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது. அடுத்த ஆண்டே அரச பணியைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் டி.டி.ரி என்னும் பூச்சிகொல்லி அமெரிக்காவெங்கும் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. நுளம்புகளையும் பயிர்ப் பீடைகளையும் ஒழிப்பதற்காக விமானங்களிலிருந்தும் அது விசிறப்பட்டது. 1958 இல் மசாசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து நண்பி ஒருவர் அனுப்பிய கடிதம் கார்சனின் உள்ளத்தை உலுக்கியது. மருந்து விசிறப்பட்டதன் பின் தமது வளவில் பறவைகள் செத்து விழுந்ததை அவர் அதில் விபரித்திருந்தார். கார்சன் உடனே பேனாவை எடுத்துக் குற்றஞ்சாட்டி விடவில்லை. நான்கு ஆண்டுகள் பொறுமையுடன் ஆய்வறிக்கைகளைத் திரட்டினார். விஞ்ஞானிகளுடன் கடிதத் தொடர்பு கொண்டார்.

அவ்வாறு அவர் திரட்டிய சான்றுகளுள் வெண்டலைக் கழுகு பற்றியவை முக்கியமானவை. கனடா நாட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளரான சார்ள்ஸ் புரோலி, 1939 முதல் புளோரிடாவின் மேற்குக் கரையில் உயர்ந்த மரங்களில் ஏறி, கழுகுக் குஞ்சுகளின் கால்களில் வளையமிட்டு ஆராய்ந்து வந்தார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட குஞ்சுகளுக்கு அவர் வளையமிட்டார். 1947 இலிருந்து குஞ்சுகளின் தொகை குறையத் தொடங்கியதை அவரே கண்டறிந்தார். 1952 முதல் 1957 வரையான காலத்தில் ஏறத்தாழ 80 சதவீதமான கூடுகளில் குஞ்சுகள் உருவாகவில்லை. 1958 இல் நூறு மைல் தூரத்திற்கும் மேலாகக் கரையோரத்தில் அலைந்த பின்னரே அவரால் ஒரு குஞ்சைக் காண முடிந்தது. பென்சில்வேனியாவின் ஹோக் மலையில் வலசை செல்லும் பறவைகளைக் கணக்கெடுத்தவர்களும், இளங்கழுகுகளின் விகிதம் வீழ்ச்சியடைந்திருப்பதைப் பதிவு செய்திருந்தனர். முதிர்ந்த கழுகுகள் பறந்து திரிந்தன. ஆனால் அவற்றுக்கு வாரிசுகள் இல்லை. உணவுச் சங்கிலியின் வழியே உடலில் சேர்ந்த நஞ்சே இதற்குக் காரணமாகலாம் எனக் கார்சன் சான்றுகளுடன் விளக்கினார். நீரில் கலந்த டி.டி.ரி நுண்ணுயிர்களிலிருந்து சிறு மீன்களுக்கும், அவற்றிலிருந்து பெரிய மீன்களுக்கும் செல்லும்போது படிப்படியாகச் செறிவடைகின்றது. சங்கிலியின் உச்சியிலுள்ள கழுகையே அது மிகுதியாகத் தாக்குகின்றது.

இப்பணியின் நடுவே, 1960 இல் கார்சன் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார். தாயை இழந்த உறவினர் குழந்தை ஒன்றை வளர்க்கும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. எனினும் அவர் எழுத்தை நிறுத்தவில்லை. 1962 செப்டெம்பரில் ‘மௌன வசந்தம்’ வெளிவந்தது. இரசாயனக் கம்பனிகள் அவரைக் கடுமையாகத் தாக்கின. பூச்சிகொல்லிகள் அனைத்தையும் தடை செய்ய வேண்டும் என அவர் கோரியதாகவும் பழி சுமத்தப்பட்டது. உண்மையில், அவற்றைக் கண்மூடித்தனமாகப் பயன்படுத்துவதையே அவர் எதிர்த்தார். ஜனாதிபதி கெனடி நியமித்த விஞ்ஞான ஆலோசனைக் குழுவின் அறிக்கை 1963 மே மாதத்தில் வெளியாகி, அவரது கருத்துகளுக்கு வலுச் சேர்த்தது. நோயின் வேதனையை வெளிக்காட்டாது செனற் சபைக் குழுவின் முன்னும் அவர் சாட்சியமளித்தார். 1964 ஏப்ரல் 14 ஆம் திகதி, தமது 56 ஆவது வயதில் அவர் காலமானார்.

தமது உழைப்பின் பலனைக் காண அவர் உயிரோடு இருக்கவில்லை. அவர் மறைந்த சில ஆண்டுகளில், டி.டி.ரி சிதைவடைந்து உருவாகும் பொருள் முட்டையோடு உருவாவதைப் பாதிப்பதையும், ஓடு மெலிந்த முட்டைகள் அடைகாக்கும் பறவையின் பாரத்தைத் தாங்காது உடைவதையும் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 1972 இல் அமெரிக்காவில் டி.டி.ரி பாவனை பெரும்பாலும் தடை செய்யப்பட்டது. வாழிடப் பாதுகாப்பு, வேட்டைத் தடை, குஞ்சுகளை வளர்த்து விடுவித்தல் என்பனவும் கழுகுகளின் மீட்சிக்குத் துணைபுரிந்தன. 1963 இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 மாநிலங்களில் கூடு கட்டும் சோடிகள் 500 இற்கும் குறைவாகவே இருந்தன. 2007 இல் இவை ஏறத்தாழ 9,800 ஆக உயர்ந்தபோது, அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலிலிருந்து வெண்டலைக் கழுகு நீக்கப்பட்டது. 2021 இல் வெளியான மதிப்பீட்டின்படி இத்தொகை 71,400 ஆகும். 2024 டிசெம்பரில் அது அமெரிக்காவின் தேசியப் பறவையாகச் சட்டபூர்வமாக ஏற்கப்பட்டது.

மரத்தில் ஏறிக் குஞ்சுகளை எண்ணியவரின் பொறுமையும், அந்த எண்ணிக்கையின் பொருளை உலகுக்கு உணர்த்தியவரின் துணிவும் சேர்ந்தே ஒரு பறவையினத்தைக் காத்தன. சான்றுகளைத் தேடி அறிவதும், அறிந்த உண்மையை எதிர்ப்புக்கு அஞ்சாது எடுத்துரைப்பதும் கற்றவரின் கடமை என்பதை றேச்சல் கார்சனின் வாழ்வு நமக்கு உணர்த்தி நிற்கின்றது.