தந்தி இலாகாவிலிருந்து தூரிகைக்கு

ஓசூர் ஆலைகளில் ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றிருக்கும் வீட்டில், ஓவியம் படிக்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். சோற்றுக்கு என்ன வழி என்ற கேள்விதான் முதலில் எழும். அக்கேள்வியோடு வாழ்நாள் முழுதும் மல்லாடியவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்.

1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தையார் மறைந்ததும் குடும்பச் சுமை இவர் தோளில் ஏறியது. தந்தி இலாகாவிலும் பின்னர் ஆயுள் காப்பீட்டிலும் உழைத்தார். 1936-இல்தான் சென்னை அரசினர் கலைப் பள்ளியில் மாணவரானார். அப்போது வயது இருபத்தைந்து. நம்மில் பலர் புத்தகத்தை மூட்டை கட்டிவிடும் வயது! பயின்ற இடத்திலேயே ஆசிரியராகி, 1957-இல் தம் குரு தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வருமானார்.

தாம் உருவாக்கிய பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் தூரிகையைத் துறந்து ஏதேனும் அலுவல் தேடிப் போவது அவரை வருத்தியது. படம் வாங்குவோர் அன்று அரியர். துணி வாங்குவோர் உண்டல்லவா? மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பத்திக் துணிகளைச் செய்து விற்றார்கள். அந்த வருவாயைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். கைத்தொழில் வயிற்றைக் கவனித்துக்கொண்டது. ஓவியம் விலைபோக வேண்டுமே என்ற அச்சமின்றி வரைய முடிந்தது. முதல்வர் பதவியில் இருந்தவர் துணிச் சாயத்தைப் பற்றிக் கவலைப்பட்டாரே, அதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

ஜாதகக் கட்டங்களையும் மலையாள எழுத்துக்களையும் ஓவியமாக்கிய புகழ்பெற்ற வரிசையை அவர் தீட்டியதும் இந்தப் பாடுகளுக்கு இடையேதான். 1977-இல் பணிக்கர் காலமானார். அந்தக் கிராமத்தில் இன்றும் ஓவியர்கள் வசிக்கிறார்கள்.