காலால் சொல்ல முடியாததை முதுகால் சொன்னவர்

ஒலிம்பிக்ஸில் ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே மதிப்பெண் பட்டியலில் மோதும் விளையாட்டு எது தெரியுமா? குதிரையேற்றம்! அதில் தனிநபர் பதக்கம் வாங்கிய முதல் பெண் லிஸ் ஹார்டெல், டென்மார்க்காரர். அந்தப் பதக்கத்தை வாங்கியபோது அவருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் செயல்படவில்லை. என்ன, நம்ப முடியலையா? மேலே படிங்க.

1921-ல் பிறந்த லிஸ், சின்ன வயதிலிருந்தே குதிரைப் பைத்தியம். அவர் தேர்ந்தெடுத்த பிரிவு டிரஸ்ஸாஜ். இதில் ஓட்டப் பந்தயமும் கிடையாது, தடை தாண்டுவதும் கிடையாது. குதிரையை அளந்து வைத்த மாதிரி நடக்க, திரும்ப, நிற்க வைக்க வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்குக் கட்டளை தெரியவே கூடாது. அந்தக் கட்டளையில் பெரும்பகுதி போவது கால் வழியாகத்தான்.

1944-ல் அவருக்கு 23 வயது. இரண்டாவது குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த நேரத்தில் போலியோ தாக்கியது. அப்போது தடுப்பூசியே கிடையாது. அது வந்தது 1955-ல்தான். கை, கால் எல்லாம் முடங்கியது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. லிஸ்தான் தவழ்வதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. மெல்ல மெல்ல கைகளிலும் தொடையிலும் பலம் வந்தது. முழங்காலுக்குக் கீழே மட்டும் வரவே இல்லை. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது.

இந்த நிலையில் திரும்பவும் குதிரை ஏறினார். மற்றவர்கள்தான் தூக்கி உட்கார வைக்க வேண்டும், இறக்கியும் விட வேண்டும்.

இங்கேதான் நாம கவனிக்கணும் நண்பர்களே. ஒரு சிஸ்டத்துக்குப் போகிற முக்கியமான இன்புட் போயிடுச்சு. நாமா இருந்தா என்ன பண்ணுவோம்? அவர் மிச்சமிருந்த இன்புட்களை எடுத்துக்கொண்டார். இடுப்பை லேசாகச் சாய்ப்பது, முதுகை இறுக்குவது, உடல் எடையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றுவது. ஜூபிலி என்ற தன் பெண் குதிரைக்கு அந்தப் புது மொழியைப் பழக்கினார். 1947-லேயே ஸ்காண்டிநேவியப் போட்டியில் இரண்டாம் இடம்!

ஆனால் ஒலிம்பிக்ஸ் கதவு மூடியிருந்தது. காரணம் கால் அல்ல. அவர் ஒரு பெண். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில்தான் டிரஸ்ஸாஜில் பெண்களை அனுமதித்தார்கள். லிஸ் போனார். 541.5 புள்ளிகளுடன் வெள்ளி வென்றார். மூன்றாம் இடத்துக்கும் அவருக்கும் வித்தியாசம் வெறும் அரைப் புள்ளி. தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்றி செயின்ட் சைர்தான் அவர் பதக்க மேடை ஏறக் கைகொடுத்தார். 1956-ல் மீண்டும் வெள்ளி. அது அதிர்ஷ்டம் இல்லைன்னு நிரூபிச்சாச்சு.

இந்த வெற்றிக்குப் பிறகு ஐரோப்பாவில் மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் குதிரைச் சவாரியை ஒரு சிகிச்சையாகத் திரும்பிப் பார்த்தார்கள். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, மெக்கானிக்ஸ்தான். குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசையும், கொஞ்சம் சுழலவும் செய்யும். நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் கிட்டத்தட்ட இப்படியே. ஆக, நடக்க முடியாத ஒருவரின் உடம்புக்கு நடையின் அனுபவம் கிடைக்கிறது. விழாமல் நிமிர்ந்து உட்கார, வயிறும் முதுகும் ஒவ்வொரு அடிக்கும் வேலை செய்தாக வேண்டும். பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள் இன்று பல நாடுகளில் இப்படிச் சவாரி செய்கிறார்கள். ஒருவர் குதிரையை நடத்திச் செல்ல, பக்கத்துக்கு ஒருவர் துணைக்கு நடப்பார். 1996 அட்லாண்டாவிலிருந்து பாராலிம்பிக்ஸிலும் குதிரையேற்றம் இருக்கிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. சவாரி லிஸ்ஸின் கால்களைக் குணமாக்கவில்லை. 2009-ல், 87 வயதில் இறக்கும் வரை போலியோ விட்டுப்போன பாதிப்பு அவரோடு இருந்தது. குணமான பிறகுதான் வாழ்வேன் என்று அவர் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு ப்ராஜெக்ட் செய்ய உட்காரும்போது, அவரால் எது முடியாது என்ற பட்டியலோடு நிறுத்திடாதீங்க. எது முடியும்னு அவரிடமே கேளுங்க. டிசைன் அங்கிருந்துதான் தொடங்கணும்.