ஆற்றோடு போன ஓவியங்கள்

புதுவையில் பிரெஞ்சுக் கொடி பறந்த நாளில், அந்நாட்டுத் தலைநகரில் ஓவியங்களை நடமாட வைத்தவர் எமில் ரேனோ. 1844 டிசம்பர் 8ஆம் நாள் பாரிசை அடுத்த மோந்த்ரேயில் பிறந்தார். தந்தையிடம் நுண்கருவி வேலையும் தாயிடம் ஓவியமும் கற்றார்.

சுழலும் உருளையின் பிளவுகள் வழியே படம் பார்க்கும் விளையாட்டுக் கருவி அன்று புகழ்பெற்றிருந்தது. பிளவுகள் ஒளியைக் குறைத்ததால் படம் மங்கித் தெரிந்தது. 1877இல் ரேனோ பிளவுகளை நீக்கி, நடுவே 12 கண்ணாடிகளைப் பதித்தார். உருளையின் உட்புறம் சுற்றிய தாளில் 12 படங்கள். ஒவ்வொன்றும் முந்தையதினின்று சிறிதே வேறுபட்டது. இறுதிப் படம் முதற்படத்தில் சென்று இணைய வேண்டும். நம் அந்தாதி மண்டலித்து முடிவது போன்ற கட்டுப்பாடு அது! இக்கருவிக்குப் பிராக்சினோஸ்கோப் எனப் பெயரிட்டார்.

பன்னிரண்டு படங்களில் ஓர் அசைவு அடங்கும், கதை அடங்காது. எனவே, துளையிட்ட நீண்ட நாடாவில் ஓவியங்களைக் கோத்துத் திரையில் வீழ்த்தும் ஒளி அரங்கை 1888இல் உருவாக்கினார். 1892 அக்டோபர் 28 அன்று பாரிசின் கிரேவென் காட்சியகத்தில் அது அரங்கேறியது. 'பாவம் பியெரோ' என்னும் கதைக்கு மட்டும் 500 ஓவியங்கள். அத்தனையும் அவர் கைப்பட வரைந்து வண்ணம் தீட்டியவை. காட்சிதோறும் நாடாவை முன்னும் பின்னுமாகக் கையால் சுழற்றிக் கதை நடத்தினார்.

1895இல் லுமியேர் சகோதரர்களின் திரைப்படம் வந்தது. ஒருவர் மாதக்கணக்கில் வரைந்ததை ஒளிப்படக் கருவி நொடிகளில் முடித்தது. 5 இலட்சம் பேர் கண்டுகளித்த அரங்கு 1900இல் ஓய்ந்தது. வறுமையும் மனச்சோர்வும் சூழ, கருவியைத் தம் கையாலேயே உடைத்தார். ஓவிய நாடாக்களில் பெரும்பாலானவற்றைச் சேன் ஆற்றில் எறிந்தார். 1918 சனவரி 9 அன்று இவ்ரி நகர மருத்துவ இல்லத்தில் மறைந்தார்.

ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட வரலாறு நமக்கும் உண்டு. விட்டவர்கள் அவற்றின் அருமை அறியாதவர்கள். ரேனோவோ அருமை அறிந்தும் எறிந்தார். காலம் தம்மைக் கைவிட்டதென நம்பினார். அந்நம்பிக்கை பொய்த்தது. எஞ்சிய இரு நாடாக்களைக் கொண்டே உலகம் இன்று அவரை அசைவோவியத்தின் முன்னோடியாகப் போற்றுகிறது. அவருடைய முதற்காட்சி நாளே இன்று உலக அசைவோவிய நாள்.

தம் கவிதைக்கு இனி இடமில்லை எனச் சோர்ந்து கையேட்டைக் கிழிக்க முனையும் கவிஞர், அந்த இரு நாடாக்களை ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.