ஜான் ஹவார்டு

ஜான் ஹவார்டு (1726 – சனவரி 20, 1790) இங்கிலாந்தைச் சேர்ந்த சிறைச் சீர்திருத்தவாதி ஆவார். சிறைகளின் உண்மை நிலையை நேரில் கண்டு, எண்ணி, அளந்து பதிவு செய்த முன்னோடியாக இவர் கருதப்படுகிறார்.

இளமை

இவரது தந்தை இலண்டனில் வணிகம் செய்து பொருளீட்டியவர். 1755 ஆம் ஆண்டின் லிஸ்பன் நிலநடுக்கத்துக்குப் பின்னர் ஹவார்டு போர்த்துகலுக்குப் புறப்பட்டார். வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியதால், பிரெஸ்ட் நகரில் கைதியாக இருந்து பசியையும் தாகத்தையும் அனுபவித்தார்.

சிறை ஆய்வு

1773 இல் பெட்போர்ட்ஷயர் மாவட்டத்தின் ஷெரிப் ஆனார். சிறையைப் பார்வையிடும் கடமையை உதவியாளரிடம் விட்டுவிடும் வழக்கத்துக்கு மாறாக, அவரே நேரில் சென்றார். குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டோரும் அங்கு அடைபட்டிருந்தனர். சிறைக்காவலருக்கு அக்காலத்தில் ஊதியம் கிடையாது. கைதிகள் தரும் கட்டணமே அவரது வருமானம். அதைச் செலுத்த இயலாதவர் வெளியேற முடியவில்லை. காவலருக்கு ஊதியம் வழங்குமாறு ஹவார்டு கோரியபோது, நீதிபதிகள் முன்னுதாரணம் கேட்டனர். அதைத் தேடி அண்டை மாவட்டங்களுக்குச் சென்றவர், எங்கும் அதே அநீதியையே கண்டார்.

1774 இல் நாடாளுமன்றத்தில் சாட்சியமளித்தார். விடுவிக்கப்பட்டோரிடம் கட்டணம் பெறுவதைத் தடுக்கவும், கைதிகளின் உடல்நலம் காக்கவும் அவ்வாண்டே இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றைத் தம் செலவில் அச்சிட்டுச் சிறைகளுக்கு அனுப்பினார். எனினும் பல இடங்களில் அவை நடைமுறைக்கு வரவில்லை.

1777 இல் வெளிவந்த அவரது நூல் இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளின் நிலையை விரிவாகக் கூறுகிறது. அவர் கணக்கிட்ட 4,084 கைதிகளுள் 2,437 பேர் கடனைத் தீர்க்க இயலாமல் அடைக்கப்பட்டவர்கள். சிறைக் காய்ச்சல் எனப்பட்ட டைபசு நோய், தூக்குத் தண்டனையை விட அதிகமானோரைக் கொன்றது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

பிற்காலமும் தாக்கமும்

பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் சிறைகளையும் மருத்துவமனைகளையும் பார்வையிட்டார். அன்றைய உருசியப் பேரரசின் கெர்சன் நகரில் நோயுற்று இறந்தார். இந்நகர் இன்று உக்ரைனில் உள்ளது. இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் வைக்கப்பட்ட முதல் நினைவுச் சிலை இவருடையதாகும். 1866 இல் இவர் பெயரில் சிறைச் சீர்திருத்தச் சங்கம் தொடங்கப்பட்டது.

கைதிகள் இரவில் தனித்தனி அறைகளில் உறங்க வேண்டும் என்பது ஹவார்டின் பரிந்துரைகளுள் ஒன்று. நோயும் தீய பழக்கங்களும் பரவாமல் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் 19 ஆம் நூற்றாண்டில் இக்கருத்து விரிவாக்கப்பட்டு, 1842 இல் திறக்கப்பட்ட பென்டன்வில் போன்ற சிறைகளில் கைதிகள் பகலிலும் தனிமைப்படுத்தப்பட்டனர். இது பலரின் மனநலத்தைச் சிதைத்தது.