பகை பாராட்டாத பேனா

1575ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், நேப்பிள்ஸ் நகரிலிருந்து ஸ்பெயினுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கப்பலை, தாயகக் கரையை நெருங்கும் வேளையில் அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையர்கள் மடக்கிப் பிடித்தனர். அதில் இருந்தவர்களுள் ஒருவர் இன்னும் 28 வயது நிரம்பாத ஒரு சிப்பாய். நான்கு ஆண்டுகளுக்கு முன் லெபான்டோ கடற்போரில், காய்ச்சலோடு களத்தில் நின்று மார்பில் இரண்டு காயங்களும் பட்டு, இடக்கையின் செயலையும் இழந்தவர். அவருடைய பையில் தளபதி டான் ஹுவான் தந்த பரிந்துரைக் கடிதம் இருந்தது. ஊர் திரும்பியதும் நல்ல பதவி கிடைக்க அது உதவும் என்று நம்பியிருந்தார். கடிதத்தைப் பார்த்த கொள்ளையர்கள் அவரைப் பெரிய இடத்துப் பிள்ளை என்று கணக்கிட்டு, மீட்புத் தொகையை உயர்த்திவிட்டார்கள்.

மிகெல் தெ செர்வான்டெஸின் வாழ்க்கையில் நடந்த பலவற்றுக்கும் இந்தச் சாயல் உண்டு. நன்மைக்கென்று வந்தது தீமையாய் முடியும். ‘டான் குவிக்ஸோட்’ நாவலைப் படித்தவர்களுக்கு இந்தச் சாயல் பழக்கமானதுதான். நான் அந்த நாவலை முதன்முறை படித்தபோது சிரித்தேன். நாற்பது வயதில் படித்தபோது சிரிக்க முடியவில்லை. இப்போது மூன்றாம் முறை படிக்கையில் வேறொரு கேள்வி எழுகிறது. இவ்வளவு அடிபட்ட மனிதர் யாரையும் வெறுக்காமல் எப்படி எழுதினார்? நானூறு ஆண்டுகள் கடந்தும் இந்த நாவல் வாழ்வதற்கான காரணம் அதன் நகைச்சுவையைவிட இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மாட்ரிட் அருகேயுள்ள அல்காலா தெ எனாரெஸ் நகரில் 1547இல் பிறந்தவர் அவர். தந்தை ஊர் ஊராய் அலைந்து பிழைத்த ரண வைத்தியர். கடனுக்காகச் சிறை சென்றவர். மகன் முறையான கல்வி எவ்வளவு பெற்றான் என்பதற்குத் தெளிவான சான்றில்லை. இருபத்திரண்டாம் வயதில் இத்தாலிக்குப் போய்ப் படையில் சேர்ந்தார். அங்கிருந்து லெபான்டோ, அங்கிருந்து அல்ஜியர்ஸ்.

அல்ஜியர்ஸில் ஐந்தாண்டு அடிமை வாழ்வு. நான்கு முறை தப்ப முயன்று நான்கு முறையும் பிடிபட்டார். பிடிபட்டபோதெல்லாம் திட்டம் தன்னுடையதே என்று சொல்லி உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார் என்பது விடுதலைக்குப் பின் பதிவான சாட்சியங்களில் உள்ளது. கொடுமைக்குப் பேர்போன ஹசன் பாஷா ஏனோ அவரைக் கொல்லவில்லை. ஊரில் தாயார், கணவர் உயிரோடிருக்கையிலேயே தாம் கைம்பெண் என்று அரசிடம் மனுப்போட்டுப் பணம் திரட்டினார். திரண்ட தொகை இரு மகன்களையும் மீட்கப் போதவில்லை. உடன் பிடிபட்ட சகோதரர் 1577இல் முதலில் விடுதலையானார். 1580 செப்டம்பரில், ஹசன் பாஷாவின் கப்பலில் கான்ஸ்டான்டிநோபிளுக்கு ஏற்றப்பட இருந்த தறுவாயில், திரித்துவ சபைத் துறவியர் 500 பொற்காசுகள் செலுத்தி செர்வான்டெஸை மீட்டனர். குறைந்த தொகையை அங்கிருந்த வணிகர்களிடம் கேட்டு வாங்கி நிரப்ப வேண்டியிருந்தது.

ஐந்தாண்டு சங்கிலியில் கிடந்தவர் அதைக் கட்டியவர்களின் இனத்தையும் சமயத்தையும் வாழ்நாள் முழுதும் தூற்றியிருந்தால் அந்தக் கால ஸ்பெயின் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கும். அவர் செய்தது வேறு. நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கதை திடீரென அறுந்துபோகிறது. கதைசொல்லி டொலேடோ நகரக் கடைத்தெருவில் ஒரு சிறுவனிடம் பழைய ஏடுகளை வாங்குகிறான். அரபியில் எழுதப்பட்ட அதில்தான் மீதிக் கதை இருக்கிறது. எழுதியவர் சீதே ஹமேத்தே பெனெங்கெலி என்னும் அரபு வரலாற்றாசிரியர். உலர்திராட்சையும் கோதுமையும் கூலியாகப் பெற்று அதை மொழிபெயர்த்துத் தருபவனும் ஒரு மொரிஸ்கோ, அதாவது கட்டாயத்தின்பேரில் கிறிஸ்தவரான முஸ்லிம் குடியைச் சேர்ந்தவன். ஸ்பெயினின் தலையாய நாவல், ஒரு முஸ்லிம் எழுதி ஒரு மொரிஸ்கோ மொழிபெயர்த்த நூலாகத் தன்னை அறிவித்துக்கொள்கிறது. இது வெறும் வேடிக்கை என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

விடுதலையாகி வந்தவருக்குப் பதவி கிடைக்கவில்லை. நாடகங்கள் எழுதினார். 1584இல் மணம் புரிந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த முதல் நாவல் பெரிதாக எடுபடவில்லை. பிறகு வந்ததுதான் அவர் வாழ்வின் நீண்ட, சலிப்பூட்டும், ஆனால் நாவலுக்கு உரமான காலம். 1587இல், இங்கிலாந்தின் மீது படையெடுக்க ஆயத்தமான ஆர்மடா கடற்படைக்காகக் கோதுமையும் எண்ணெயும் திரட்டும் அலுவலராக ஆண்டலூசியாவின் சிற்றூர்களில் கழுதை மீதேறி அலைந்தார். ரசீது தருவார், பணம் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. எசிஹா என்ற ஊரில் திருச்சபைக்குச் சொந்தமான தானியத்தைக் கைப்பற்றியதற்காகச் சமய விலக்கத்துக்கும் ஆளானார். 1590இல், அமெரிக்கக் குடியேற்றங்களில் காலியாயிருந்த நான்கு பதவிகளுள் ஒன்றைத் தருமாறு அரசுக்கு விண்ணப்பித்தார். இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று மனுவின் ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார்கள். அந்தக் குறிப்பை எழுதிய அதிகாரிக்கு உலக இலக்கியம் கடமைப்பட்டிருக்கிறது.

நான் வசிக்கும் கருங்குழி, கும்பினி ஆட்சியில் சில காலம் மாவட்ட ஆட்சியரின் இருப்பிடமாக இருந்த ஊர். வரி தண்டல் செய்வோர் ஊருக்குள் வந்தால் மக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்க எங்களுக்கு அதிகம் கற்பனை வேண்டாம். பக்கத்து மதுராந்தகத்தில் கர்னல் பிளேஸ் என்ற ஆட்சியர் இன்றும் நினைக்கப்படுவது அவர் வசூலித்த வரிக்காக அல்ல. மழையிரவில் உடைய இருந்த ஏரிக்கரை மீது வில்லேந்திய இருவர் காவல் நிற்பதை அவர் கண்டார் என்ற ஏரிகாத்த ராமர் கோயில் கதைக்காகத்தான். உடன் சென்றவர்களுக்குக் கரை மட்டுமே தெரிந்தது என்பார்கள். காற்றாலைகளை அரக்கர்களாகக் கண்ட டான் குவிக்ஸோட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆட்சியர் நினைவுக்கு வருவார். நாம் ஒருவரை வணங்கத்தக்க காட்சி கண்டவராகவும் மற்றவரைப் பித்தராகவும் வைத்திருக்கிறோம்.

செர்வான்டெஸுக்கு வரி அலுவல் அத்தகைய பேறு எதையும் தரவில்லை. 1594இல் கிரனாடா பகுதியின் வரி பாக்கிகளை வசூலிக்கும் பணி வந்தது. வசூலித்த தொகையை செவில் நகரத்து வணிகர் ஒருவரிடம் பத்திரமாக ஒப்படைத்தார். வணிகர் திவாலாகி ஓடிப்போனார். கணக்கு நேர்படவில்லை என்று 1597இல் செவில் சிறையில் அடைத்தார்கள். தந்தை சென்ற வழியிலேயே மகனும். தம் நாவல் ஒரு சிறையில் கருக்கொண்டது என்று முன்னுரையில் அவர் உணர்த்துவது பெரும்பாலும் இந்தச் சிறையைத்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்தப் பத்தாண்டுகளில் அவர் கண்டவை சத்திரங்கள், கோவேறு கழுதை ஓட்டிகள், தானியத்தைப் பதுக்கிய குடியானவர்கள், சிறைக் கூட்டாளிகள். 1605இல், தமது 57ஆம் வயதில், நாவலின் முதல் பாகத்தை வெளியிட்டபோது அவர்கள் அனைவரும் அதற்குள் வந்துவிட்டார்கள். வீரக் கதைகளை அளவின்றிப் படித்து மனம் பேதலித்த, ஐம்பது வயதை நெருங்கும் கிராமத்து மனிதர் ஒருவர், துருப்பிடித்த கவசமும் எலும்பு துருத்திய குதிரையுமாக உலகைத் திருத்தப் புறப்படுகிறார். அக்கம்பக்கத்துக் குடியானவன் சான்சோ பான்சா, தீவு ஒன்றை ஆளக் கிடைக்கும் என்ற ஆசையில் உடன் வருகிறான்.

சிரிப்புக்கென்று தொடங்கிய எழுத்து, எழுத எழுத ஆசிரியரின் கையை மீறிப்போவதை வாசகர் கண்கூடாகக் காணலாம். தொடக்க அத்தியாயங்களில் ஒன்றில் பண்ணைக்காரன் ஒருவன் ஆடு மேய்க்கும் சிறுவனை மரத்தில் கட்டிச் சாட்டையால் அடிக்கிறான். டான் குவிக்ஸோட் தடுத்து, கூலியைக் கொடுக்கச் சொல்லி வாக்கு வாங்கிக்கொண்டு பெருமிதத்தோடு போகிறார். தலை மறைந்ததும் அடி இரட்டிப்பாகிறது. பல அத்தியாயங்களுக்குப் பின் எதிர்ப்படும் அந்தச் சிறுவன், இனி தன்னை யார் கண்டதுண்டமாக வெட்டினாலும் உதவிக்கு வந்துவிட வேண்டாம் என்று கெஞ்சுகிறான். நல்லெண்ணம் எங்கே ஊனப்படுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

மார்செலாவின் கதை மற்றொன்று. அவள் தன்னை விரும்பவில்லை என்பதற்காக ஓர் இளைஞன் உயிரை விடுகிறான். ஊரே அவளைக் கொலைகாரி என்கிறது. அடக்கத்தின்போது பாறை மீது வந்து நிற்கும் அவள், ஒருவன் தன்னை விரும்பினான் என்பதாலேயே தானும் விரும்பக் கடமைப்பட்டவளல்ல என்று நிதானமாக வாதாடிவிட்டுக் காட்டுக்குள் போய்விடுகிறாள். பின்தொடர முயன்றவர்களைத் தடுத்து நிறுத்துபவர் பித்தரான டான் குவிக்ஸோட் மட்டுமே. ஒருதலைக் காதலின் பெயரால் பெண்கள் வெட்டப்படும் செய்தி இன்றும் நம் நாளிதழ்களில் வருகிறது. அவள் என்ன செய்தாள் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. 1605இல் அந்தக் கேள்விக்கு அந்தப் பெண்ணையே பதில் சொல்ல வைத்தவர் செர்வான்டெஸ்.

நூல் விற்றது, உரிமை பதிப்பாளரிடம் போயிருந்ததால் ஆசிரியரின் வறுமை தீரவில்லை. 1614இல் அவெயனெடா என்ற புனைபெயரில் ஒளிந்துகொண்ட ஒருவர், போலி இரண்டாம் பாகம் ஒன்றை வெளியிட்டு, செர்வான்டெஸின் முதுமையையும் ஊனக் கையையும் முன்னுரையில் எள்ளினார். மறு ஆண்டு வெளிவந்த உண்மையான இரண்டாம் பாகத்தில் செர்வான்டெஸ் வாங்கிய பழி சுவையானது. போலி நூலின் பாத்திரம் ஒருவனைத் தம் கதைக்குள் கொண்டுவந்து, தான் முன்பு கண்டவர் இந்த டான் குவிக்ஸோட் அல்லர் என்று ஊர் அதிகாரி முன்னிலையில் வாக்குமூலம் எழுதிக் கையொப்பமிடச் செய்தார். வாழ்நாளெல்லாம் ரசீதும் கணக்கும் எழுதியவருக்கு அதுதான் தோன்றியிருக்கும்.

அந்த இரண்டாம் பாகத்தில்தான் சான்சோவுக்கு ஆளுகை கிடைக்கிறது. அவன் தரும் தீர்ப்புகளைத் தமிழ் வாசகர் மரியாதைராமன் கதைகளோடு சேர்த்துப் படிக்கலாம். கடனைத் திருப்பிவிட்டதாகச் சத்தியம் செய்பவன், அந்த நேரத்துக்கு மட்டும் தன் கைத்தடியைக் கடன் கொடுத்தவனிடம் பிடித்துக்கொள்ளத் தருகிறான். தடியை உடைக்கச் சொல்கிறான் சான்சோ. உள்ளிருந்து பத்துப் பொற்காசுகள் விழுகின்றன.

ஆளுகையைத் துறந்து கழுதையில் திரும்பும் வழியில் சான்சோ ஒரு பழைய அண்டை வீட்டுக்காரனைச் சந்திக்கிறான். பெயர் ரிகோத்தே, ஊரில் கடை வைத்திருந்த மொரிஸ்கோ. 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் அரசு ஏறத்தாழ 3 லட்சம் மொரிஸ்கோக்களைச் சொந்த மண்ணிலிருந்து கப்பலேற்றி விரட்டியது. மை உலராத அந்தக் கொடுமையை 1615இல் நாவலுக்குள் கொண்டுவருகிறார் செர்வான்டெஸ். ஜெர்மானிய யாத்திரிகர் வேடத்தில் திரும்பியிருக்கும் ரிகோத்தே, ஊருக்கு வெளியே புதைத்துவிட்டுப் போன செல்வத்தைத் தோண்டி எடுக்க வந்திருக்கிறான். இருவரும் கட்டித் தழுவிக்கொள்கிறார்கள். மரத்தடியில் உண்டு குடிக்கிறார்கள். எங்கே போனாலும் ஸ்பெயினை நினைத்தே அழுவதாகச் சொல்கிறான் அவன். அரசாணையைப் புகழ்ந்தும் ஓரிரு வார்த்தை சொல்கிறான். தணிக்கைக்கு அஞ்சி ஆசிரியர் கட்டிய கவசம் அது என்றே நான் படிக்கிறேன். புதையலை எடுக்க உதவினால் 200 பொற்காசு தருவதாகச் சொல்ல, அரச துரோகம் என்று சான்சோ மறுக்கிறான். ஆனால் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன் என்கிறான். பர்மாவிலிருந்து நடந்தே வந்த, யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்த குடும்பங்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தக் காட்சிக்கு உரை வேண்டியதில்லை.

1616 ஏப்ரல் 22 அன்று மாட்ரிட்டில் செர்வான்டெஸ் இறந்தார். அல்ஜியர்ஸிலிருந்து தம்மை மீட்ட அதே திரித்துவ சபையின் கன்னியர் மடத்தில் அடக்கமானார். மடம் பின்னர் புதுப்பிக்கப்பட்டபோது கல்லறை இடம் தெரியாமல் போயிற்று. 2015இல் அங்கு தோண்டிய ஆய்வாளர்கள், பலருடைய எலும்புகளோடு கலந்துகிடக்கும் சில துண்டுகள் அவருடையவையாக இருக்கலாம் என்று அறிவித்தனர்.

நாவல் இந்தியாவுக்கு வந்த வழிகளுள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து நூல் சேகரிப்பாளர் கார்ல் கெல்லர், டான் குவிக்ஸோட்டை உலகின் எல்லா மொழிகளிலும் திரட்டும் ஆசை கொண்டவர். அதுவும் ஒருவகை டான் குவிக்ஸோட் பித்துதான். அவருக்காக ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் கேட்டுக்கொள்ள, 1930களின் நடுவில் காஷ்மீரப் பண்டிதர்களான நித்யானந்த சாஸ்திரியும் ஜகத்தர் ஸாடூவும் முதல் பாகத்திலிருந்து எட்டு அத்தியாயங்களைச் சம்ஸ்கிருதத்தில் பெயர்த்தனர். மூலம் அவர்களுக்கு ஸ்பானிய மொழியில் கிடைக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை வைத்துக்கொண்டு உழைத்தார்கள். அந்தப் பிரதி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் நெடுங்காலம் யாரும் தொடாமல் கிடந்து, 2019இல்தான் புணேயில் நூலாக அச்சேறியது.

அவர்கள் பெயர்த்து முடித்த அரை நூற்றாண்டுக்குப் பின், 1990இல், அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து பண்டிதர் குடும்பங்கள் பெருந்திரளாக வெளியேற நேர்ந்தது. ரிகோத்தே வருவது இரண்டாம் பாகத்தின் 54ஆம் அத்தியாயத்தில்; மொழிபெயர்ப்பு அதுவரை போகவில்லை.