மலர்களுக்கு இதழ் கண்ட வில்லியம் கர்ட்டிஸ்

தமிழில் இதழ் என்னும் சொல் பூவின் ஏட்டையும் குறிக்கும். அச்சேறி வரும் ஏட்டையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒருங்கே கூடிய வாழ்வு இங்கிலாந்து நாட்டு வில்லியம் கர்ட்டிசின் வாழ்வு. 1787-இல் அவர் தொடங்கிய படங்களுடன் கூடிய தாவரவியல் இதழ், இருநூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் வெளிவருகிறது.

ஹாம்ப்ஷயர் பகுதியிலுள்ள ஆல்டன் என்னும் சிற்றூரில் 1746-ஆம் ஆண்டு கர்ட்டிஸ் பிறந்தார். மருந்து செய்து விற்கும் தொழிலைத் தம் பாட்டனாரிடம் பயின்றார். ஆனால் செடிகொடிகளின்பால் அவருக்குப் பற்று உண்டாகத் துணைநின்றவர், அவ்வூர் விடுதி ஒன்றில் குதிரைகளைப் பேணிவந்த எளிய பணியாளர். பழைய மூலிகை நூல்களைத் தாமே கற்றுத் தேர்ந்தவர். பின்னர் லண்டன் சென்று மருந்துத் தொழில் நடத்திய கர்ட்டிஸ், தாவரங்களின் மீதுள்ள ஈடுபாட்டால் அத்தொழிலையே விற்றுவிட்டார். செல்சி மூலிகைத் தோட்டத்தில் 1773 முதல் 1777 வரை செடிகளை விளக்கிக் கற்பிக்கும் பணியாற்றினார்.

லண்டனைச் சுற்றிப் 10 மைல் தொலைவுக்குள் தாமாக முளைக்கும் செடிகளை எல்லாம் இயற்கை அளவில் வரையச் செய்து ஒரு பெருநூலாக்க வேண்டும் என்பது அவர் பெருங்கனவு. 'ஃப்ளோரா லண்டினென்சிஸ்' என்னும் அந்நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அறிஞர் புகழ்ந்தனர், வாங்குவோர் அரியர். ஏறத்தாழ 300 படிகளே விற்றன. வேலியோரத்துக் களைச்செடிக்குப் பொன் கொடுக்க யார் முன்வருவர்? கடன் பெருகியது.

இந்நிலையிலும் பொதுமக்களுக்கு உதவும் அறிவை அவர் மறந்தாரில்லை. 1782-இல் லண்டனைச் சூழ்ந்த மரங்களிலும் வேலிகளிலும் அந்துப்பூச்சியின் புழுக்கள் கூடு கட்டிப் பெருகின. பயிரெல்லாம் அழியும், கொள்ளைநோய் வரும் என்று மக்கள் நடுங்கினர். கூடுகளைச் சேகரித்து எரிக்கக் கூலியும் வழங்கப்பட்டது. அப்பூச்சியின் வாழ்க்கையை ஆராய்ந்த கர்ட்டிஸ், அது குறிப்பிட்ட சில மரங்களின் இலைகளையே உண்ணும் என்று சிறுநூல் எழுதி அச்சம் தீர்த்தார். அச்சத்துக்கு மருந்து அறிவே என்பதை அவர் அறிந்திருந்தார்.

பெருநூல் தந்த பாடம் வீண்போகவில்லை. செல்வர்கள் தம் தோட்டங்களில் அயல்நாட்டுச் செடிகளை ஆசையோடு வளர்த்த காலம் அது. அவற்றின் பெயரும் வளர்ப்பு முறையும் அறிய விழைந்தோர்க்கென 1787 பிப்ரவரி முதல் நாள் தம் மாத இதழைத் தொடங்கினார். கையடக்கமான அளவு, இதழுக்கு 3 படங்கள், விலை 1 ஷில்லிங். முதற்படம் பாரசீக ஐரிஸ் மலர். செப்புத் தகட்டில் அச்சிட்ட ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு படியிலும் கையாலேயே வண்ணம் தீட்டினர். இதழ் 3,000 படிகள் வரை விற்றது.

ஓவியரைத் தேர்வதிலும் அவர் கண் கூர்மையானது. வேல்ஸ் நாட்டில் தம் பெருநூற் படங்களைப் பார்த்து வரைந்துவந்த சிடனம் எட்வர்ட்ஸ் என்னும் இளைஞரைப் பற்றிக் கேள்வியுற்று, லண்டனுக்கு வரவழைத்துப் பயிற்றுவித்தார். அவ்விளைஞர் பின்னாளில் இவ்விதழுக்கு 1,700-க்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார்.

கர்ட்டிஸ் 1779-இல் லாம்பெத்தில் தாவரத் தோட்டம் ஒன்றையும் திறந்தார். சந்தா செலுத்தியோர் அங்கு வந்து கற்றனர். நகரத்துப் புகை செடிகளை வாட்டவே, 1789-இல் பிராம்ப்டனுக்குத் தோட்டத்தை மாற்றினார். தொழில் நகரின் மாசு தாவரங்களை எவ்வாறு வருத்தும் என்பதை அவர் கண்ணெதிரே கண்டார்.

இங்கு எண்ணத்தக்க செய்தி ஒன்றுண்டு. அவர் உள்ளம் கவர்ந்தவை உள்ளூர்க் களைச்செடிகள். அவரை வாழவைத்தவை அயல்நாட்டு மலர்கள். வாசகர் விரும்பியதைக் கொடுத்ததால் அவர் தம் குறிக்கோளைக் கைவிட்டார் என்று கூறுதல் பொருந்தாது. சிறிய இதழ் ஈட்டிய பொருளே பெரிய நூலைத் தொடரத் துணைநின்றது.

1799 ஜூலையில், 53-ஆம் வயதில் கர்ட்டிஸ் மறைந்தார். இதழ் மறையவில்லை. அவருக்குப்பின் ஜான் சிம்ஸ் ஆசிரியரானார்; இதழின் பெயரோடு கர்ட்டிசின் பெயரும் இணைந்தது. கையால் வண்ணம் தீட்டும் வழக்கம் 1948 வரை நீடித்தது. 1984 முதல் 1994 வரை வேறு பெயர் தாங்கினும் மீண்டும் அவர் பெயரையே பெற்று, கியூ அரசத் தாவரத் தோட்டத்தின் வெளியீடாக வருகிறது. சிற்றிதழ் நடத்த முனையும் மாணவர் நெஞ்சில் நிறுத்தத் தக்கது இவ்வரலாறு: பெருங்கனவு நிலைபெறச் சிறிய ஏடும் போதும், அது மாதந்தவறாமல் மலர வேண்டும்.