அருவருப்பை வென்ற அன்பு

நோயாளிக்கு ஆறுதல் கூறுவது எளிது. அவருடைய வாந்தியைத் துடைப்பதும், சீழ் பிடித்த புண்ணைக் கழுவுவதும், மலசலத்தால் நனைந்த படுக்கையை மாற்றுவதும் எளியன அல்ல. துர்நாற்றம் வீசினால் முகம் சுளிப்பது மனித இயல்பு. செவிலியர் ஒவ்வொருவரும் அவ்வியல்பை வென்றே நாள்தோறும் தம் கடமையைச் செய்கின்றனர். நாட்டு விடுதலைக்குப் பாடுபட்ட தலைவராக உலகம் அறிந்த காந்தியடிகள், இத்தொண்டிலும் தம் வாழ்நாள் முழுவதும் ஈடுபட்டிருந்தார்.

தந்தைக்குச் செய்த பணிவிடை

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் குசராத்திலுள்ள போர்பந்தரில் பிறந்தார். அவர் பள்ளி மாணவராக இருந்தபோது அவருடைய தந்தையார் பவுத்திர நோயால் படுக்கையில் வீழ்ந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், மருந்து கலந்து கொடுப்பதும், இரவில் கால்களைப் பிடித்துவிடுவதும் மகனின் பணிகள் ஆயின. தந்தையார் விடை கொடுத்த பின்னரோ உறங்கிய பின்னரோதான் அவர் எழுந்து செல்வார். 1885இல் தந்தையார் மறைந்தார். ஆயினும் புண்ணைக் கண்டு விலகாத பழக்கம் மகனிடம் வேரூன்றிவிட்டது.

கடல் கடந்த தமிழரிடையே

காந்தியடிகள் 1893இல் வழக்கறிஞராகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அந்நாட்டின் நேட்டால் பகுதிக்கு 1860ஆம் ஆண்டு முதலே சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றிருந்தனர். அவர்களுள் பலர் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். இன்று பிச்சாட்டூருக்கு அண்மையிலுள்ள புத்தூர், நகரி ஆகிய ஊர்களும் அந்நாளில் அம்மாவட்டத்திலேயே இருந்தன. பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டுச் சென்ற அம்மக்களுக்கு நோய் வந்தால் கவனிப்பார் இல்லை.

1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, முதலாளியிடம் அடிபட்டு, முன்பற்கள் உடைந்து, வாயில் குருதி ஒழுக அடிகளிடம் வந்தார். அடிகள் அவரை உடனே மருத்துவரிடம் அனுப்பினார்; பின்னர் வேறொரு முதலாளியிடம் பணிபுரியவும் வழி செய்தார்.

மற்றொரு நாள் தொழுநோயாளி ஒருவர் அடிகளின் வீட்டு வாயிலில் வந்து நின்றார். தொழுநோயாளியைக் கண்டாலே மக்கள் விலகி ஓடிய காலம் அது. அடிகளுக்கு, உணவு மட்டும் தந்து அவரை அனுப்ப மனம் வரவில்லை. வீட்டினுள் இடமளித்துத் தம் கையாலேயே புண்களுக்குக் கட்டுப் போட்டார். ஆனால் நெடுநாள் அவரை வீட்டில் வைத்துக்கொள்ள வசதி இல்லாமையால், ஒப்பந்தத் தொழிலாளருக்கான அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்.

இந்நிகழ்ச்சி அடிகளின் மனத்தை உறுத்தியது. தொண்டு என்பது ஒருநாள் இரக்கமாக நின்றுவிடக் கூடாது என்று கருதினார். பார்சி ருஸ்தம்ஜியின் கொடையாலும் மருத்துவர் பூத்தின் முயற்சியாலும் டர்பனில் சிறிய அறநிலை மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. வழக்கறிஞர் தொழிலுக்கிடையே நாள்தோறும் காலையில் நேரம் ஒதுக்கி அங்குச் சென்றார். நோயாளிகளின் குறைகளைக் கேட்டு மருத்துவரிடம் கூறுவதும், மருந்து கலந்து கொடுப்பதும் அவர் பணிகள். அங்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்களே. இப்பயிற்சி, 1899இல் மூண்ட போயர் போரில் காயமுற்றோரைக் காக்க அவருக்கு உதவியது.

பிளேக்கின் நடுவே

1904இல் சோகன்னசுபர்க் நகரையடுத்த தங்கச் சுரங்கம் ஒன்றில் நுரையீரல் பிளேக் பரவியது. நோயுற்ற இந்தியர் இருபத்து மூவர் தம் குடியிருப்புக்குத் திரும்பினர். அவர்களைத் தங்கவைக்க இடமில்லை. அடிகளின் நண்பர் மதன்ஜித், பூட்டியிருந்த ஒரு வீட்டின் பூட்டை உடைத்து அவர்களை உள்ளே கிடத்தினார். செய்தி அறிந்த அடிகள் மிதிவண்டியில் விரைந்து சென்றார். மருத்துவர் வில்லியம் காட்பிரேயும் அடிகளின் அலுவலக எழுத்தர் நால்வரும் துணை நின்றனர்.

அன்றிரவு எவரும் உறங்கவில்லை. அவர்கள் வேளை தவறாது மருந்து கொடுத்தனர். உடலையும் படுக்கையையும் தூய்மை செய்தனர். அஞ்சிக் கிடந்தோருக்குத் தைரியம் கூறினர். மறுநாள் நகராட்சி ஒரு கிடங்கை ஒதுக்கியது. செவிலி ஒருவரையும் அனுப்பியது. நோயாளிகளுள் மிகச் சிலரே பிழைத்தனர். பணிக்கு வந்த செவிலியும் அந்நோய்க்கே பலியானார். பயன் கிட்டுமா என்று தெரியாத நிலையிலும், தம் உயிருக்கே ஊறு நேரக்கூடும் என்று அறிந்தும், அச்சிறு குழுவினர் அவ்விடத்தை விட்டு அகலவில்லை.

எல்லாரும் ஒதுக்கியவர்கள்

1906இல் நேட்டாலில் சூலு மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அடிகள் இருபத்து நான்கு பேர் அடங்கிய மருத்துவப் படையை நடத்திச் சென்றார். சவுக்கடி பட்ட சூலு மக்களின் புண்கள் பல நாள்கள் கவனிப்பாரின்றிச் சீழ் பிடித்து நாறின. வெள்ளையர் அவற்றைத் தொட முன்வரவில்லை. அடிகளின் குழுவினரே அப்புண்களைக் கழுவிக் கட்டினர். மொழி அறியாவிடினும் அம்மக்கள் தம் நன்றியை முகத்தால் புலப்படுத்தினர்.

காலங்கள் கடந்தன. 1939இல் வடமொழி அறிஞர் பர்ச்சுரே சாத்திரி தொழுநோயோடு சேவாகிராம ஆசிரமத்தை நாடி வந்தார். ஆசிரமத்தில் வாழ்வோர் பலர். அவர்களுக்கும் நோய் தொற்றுமோ என்னும் தயக்கம் இருந்தது. ஆயினும் அடிகள் அவருக்கு அருகிலேயே குடில் அமைத்துக் கொடுத்தார். எழுபதை எட்டிய முதுமையிலும், அரசியல் பணிகளுக்கிடையே, அவருடைய புண்களைத் தாமே கவனித்து, உடலைத் தடவிவிட்டார்.

பாராட்டை விரும்பியோ பழிக்கு அஞ்சியோ செய்யும் பணிவிடையால் நோயாளிக்கும் நலமில்லை. செய்பவர்க்கும் நலமில்லை என்பது அடிகளின் கருத்து. மகிழ்ச்சியோடு செய்வதே தொண்டு என்றார் அவர். அருவருப்பை வெல்ல அவர் தனி மருந்து எதையும் தேடவில்லை. இளமையிலேயே கைகள் பழகின. கண்கள் புண்ணைக் கடந்து மனிதரைக் கண்டன. அவர் மறைந்த சனவரி 30ஆம் நாள் இந்தியாவில் தொழுநோய் ஒழிப்பு நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. நம் ஊர் மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருந்து பிறர் புண்ணைத் துடைக்கும் செவிலியரும் தூய்மைப் பணியாளரும் அவ்வழியில் நடப்பவர்களே. அவர்களை மதிப்பது நம் கடமையாகும்.

சொற்பொருள்
அருவருப்பு – வெறுத்து ஒதுக்கும் உணர்வு
பவுத்திரம் – ஆசனவாய்ப் பகுதியில் புரையோடும் புண்
குருதி – இரத்தம்
ஊறு – தீங்கு
குடில் – சிறு வீடு

மதிப்பீடு
1. தந்தையாருக்குக் காந்தியடிகள் செய்த பணிவிடைகள் யாவை?
2. தொழுநோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பியபின் அடிகள் மேற்கொண்ட தொண்டு யாது?
3. பிளேக் நோயாளிகளுள் மிகச் சிலரே பிழைத்தனர். அப்படியாயின் அக்குழுவினரின் உழைப்பு வீணா? உம் கருத்தை எழுதுக.
4. உம் வீட்டில் நோயுற்ற ஒருவருக்கு நீவிர் செய்த உதவியைப் பத்து வரிகளில் எழுதுக.